இரண்டாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், போடிநாயக்கனூர் மலைத் தோட்டங்களில் ஏலக்காய் எடுப்பு நடக்கிற ஐப்பசி மாதம். எனக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, வேறு எங்கும் இருக்கிறதா என்று பார்க்க, முழு உடல் ஸ்கேனுக்கு மதுரை போனேன். முப்பது ஆண்டு வருவாய்த்துறையில் இருந்தவன். ஊசி போட வந்தவரிடம், ஒப்புதல் படிவத்தில் தேதி விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். பயத்தை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் அறைக்குள் நுழைந்ததும், டாக்டர் நான் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். பாதகமான உத்தரவைக் கையில் கொடுக்கும் நாளில்தான் நானும் மனுதாரரை உட்காரச் சொல்வேன்.

படத்தில் குடல் ஒளிர்ந்தது, அது தெரிந்ததுதான். வலது நுரையீரலிலும் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. குடலிலிருந்து பரவியதென்றால் நிலைமை மோசம். அங்கேயே தனியாக முளைத்த இன்னொரு புற்றுநோய் என்றால் தொடக்க நிலைதான், இரண்டையும் அறுவை செய்து எடுத்துவிடலாம் என்றார். ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள்.

சோறு இறங்கவில்லை. இருமல் வந்தால் மனைவியின் முகத்தைப் பார்க்க மாட்டேன். மாரியம்மன் கோயிலில் என்னையறியாமல் வாய்விட்டு வேண்டினேன்: "ஆத்தா, ரெண்டா இருக்கணும்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு? ஒண்ணுக்கே நான் செத்துக்கிட்டிருக்கேன், ரெண்டு வேணுமாம்ல!" என்றாள் மனைவி.

விளக்கிச் சொன்னேன். அவளும் கண்ணை மூடி அதையே கேட்டாள்.

பத்தாம் நாள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு, காய் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறினோம். ஒரு வளைவில் போன் அடித்தது. மனைவிதான் எடுத்து என் காதில் வைத்தாள்.

"ரெண்டும் வேற வேற, சார்," என்றார் டாக்டர்.

"ரெண்டு கேன்சராம்!" என்று கத்தினேன். மனைவி என் தோளில் சாய்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள்.

"பாவம், மூளைக்கும் ஏறிருச்சு போல," என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"டிரைவரண்ணே, வண்டிய வெரசா ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க," என்றாள் இன்னொருத்தி.

இரண்டு அறுவை சிகிச்சைகளும் முடிந்துவிட்டன. இன்றும் ஸ்கேன் முடிவுக்காகப் போகும்போது, டாக்டரின் கை நாற்காலியைத் தொடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். வேலையில் இருந்தபோது நான் உட்காரச் சொன்ன மனுதாரர்களின் முகங்கள் இப்போதுதான் எனக்குத் தெரிகின்றன.