மாட்டு ஊசிக் கேனும் ஏழாவது வில்லையும்

நான் காலேஜ்ல பிசிக்ஸ் வாத்தியார். ஆராய்ச்சியாளர்னும் கார்டு அடிச்சு வச்சிருக்கேன். அதை நம்புனது அடிச்சுக் குடுத்த பிரஸ்காரர் மட்டும்தான்.

என் ஆராய்ச்சி இம்புட்டுத்தான்: மூணு பொடியக் கலந்து அரைச்சு, அழுத்தி, உலையில வேகவச்சு ஒரு கறுப்பு வில்லை செய்யணும். அதை நல்லாக் குளுரவச்சா அதுக்கு மேல காந்தம் அந்தரத்துல மிதக்கணும். ஆறு வில்லை செஞ்சேன். ஆறுலயும் காந்தம் சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு. "ஏழாவதும் இப்படின்னா உலையக் கெமிஸ்ட்ரிக்குக் குடுத்துருவேன்"னு துறைத்தலைவர் சொல்லிட்டாரு.

குளுரவைக்கத் திரவ நைட்ரஜன் வேணும். எனக்குத் தெரிஞ்சு அது இருக்கிறது மாட்டாஸ்பத்திரியில. சினை ஊசி மருந்து கெடாம இருக்க அதுலதான் போட்டு வைப்பாங்க. அய்யலூர்ப் பக்கம் ஒரு மாட்டு டாக்டர் சிநேகிதர். ஒரு கேன்ல நெறச்சுக் குடுத்தாரு.

கேனை ஸ்கூட்டர் முன்னாடி வச்சுக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பேன். ஒரு அம்மா நடுரோட்டுல கைய நீட்டி மறிச்சிட்டாங்க.

"வாய்யா! மாடு சினைக்குக் காலையில இருந்து கத்துது, இப்பத்தான் வாரியா?"

"நான் ஊசி போடுறவன் இல்லம்மா. காலேஜ் வாத்தியார்."

"அப்புறம் கேனு எதுக்கு?"

"அது வேற சோலிக்கு."

"இன்னைக்கு விட்டா இன்னும் இருவத்தோரு நாளு ஆகும், தெரியும்ல?" சாவிய உருவிட்டாங்க.

ரோட்டோரக் கொட்டகையில நின்ன மாடும் என்னைய ஆசையாப் பாத்துச்சு. என் திறமை மேல அம்புட்டு நம்பிக்கை அதுவரைக்கும் யாரும் வச்சதில்ல.

டாக்டருக்குப் போன் போட்டேன். ஊசிக்காரர் அரைமணி நேரத்துல வாரார்னு சொன்னாரு. "அதுவரைக்கும் நீயும் இங்கதான்"னுட்டாங்க அந்தம்மா.

ஏழாவது வில்லையும் காந்தமும் சட்டைப்பையில இருந்துச்சு. ஆஸ்பத்திரியிலயே பாத்திருக்கலாம், ஆனா அங்க கூட்டம். இங்க அசிங்கப்பட்டாலும் பாக்குறது ரெண்டே பேருதான், அதுல ஒண்ணு மாடு. அம்மாகிட்ட ஒரு அலுமினியக் கிண்ணம் வாங்கி, வில்லைய வச்சு நைட்ரஜனை ஊத்துனேன். புசுபுசுன்னு புகை. கொதிச்சு அடங்குனதும் விளக்குமாத்துக் குச்சி ரெண்ட எடுத்து, இடுக்கி மாதிரி பிடிச்சு, காந்தத்தை மெதுவா விட்டேன்.

காந்தம் உக்காரல. ஒரு நெல்லு உசரத்துல நின்னுச்சு. ஊதுனேன், சுத்துச்சு.

நான் குதிச்ச குதியில மாடு ரெண்டடி பின்னால போயிருச்சு.

அந்தம்மா குனிஞ்சு குச்சிய நடுவுல விட்டுப் பாத்தாங்க. "நூலு எதுவும் கட்டலையே! நீயா செஞ்ச?"

"நானேதாம்மா!"

"அப்ப நீ வாத்தியார்தான்." சாவியக் குடுத்துட்டாங்க. "போயிராத, இன்னொருக்கா ஊத்து. பக்கத்து வீட்டுக்காரியக் கூட்டியாறேன்."

ஊசிக்காரர் வந்தப்போ கொட்டகையில நிக்க இடமில்ல. மாட்டைத் தவிர அவரை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.

துறைத்தலைவருக்கு வீடியோ எடுத்து அனுப்புனேன். ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு: "உலை உங்ககிட்டயே இருக்கட்டும். பின்னால கத்துறது யாரு?"