மாப்பிள்ளை வண்டிக்குத் தைத்த பை

எங்கள் அத்தையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு பொருள்தான். நகை உங்கள் இஷ்டம், பாத்திரம் உங்கள் இஷ்டம், மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் வேண்டும் என்றார்கள். நிறத்தையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். பளபளக்கும் கறுப்பு. அந்தக் கறுப்பில் கொசு உட்கார்ந்து எழுந்தாலும் தடம் தெரியும் என்பார் சித்தப்பா. அப்பாவின் தம்பி அவர். இருவருக்கும் ஒரே தங்கை அத்தை. அவளுக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜாதகம் பொருந்தி வந்த முதல் இடம் இது என்பதால் வண்டியைப் பற்றி வீட்டில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

நாங்கள் இருந்தது கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். மாப்பிள்ளை வீடு தேவர்சோலையில். மலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும். ஆவணியில் கல்யாணம், ஆனியிலேயே நல்ல நாள் பார்த்து வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று பேச்சு. வெறும் வண்டியை அனுப்பினால் நன்றாக இருக்காது என்று அம்மா அதிரசமும் முறுக்கும் சுட்டாள். வேட்டி, சேலை, பழம் என்று சாமான் ஏறிக்கொண்டே போனது. வேனில் ஏற்றினால் கயிறு உரசிப் பெயின்ட் போய்விடும் என்று சித்தப்பா பயந்தார். ஓட்டிக்கொண்டே போகலாம் என்றால் சாமானை எதில் வைப்பது? தகர டப்பா உரசும். கட்டைப் பை ஆடும். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. கல்யாணப் பெண்ணுக்கு என்ன சேலை எடுப்பது என்றுகூட யாரும் இவ்வளவு யோசிக்கவில்லை.

சித்தப்பா போனில் ஒரு வீடியோ கண்டுபிடித்தார். அதில் வெள்ளைக்காரர் ஒருவர் வண்டியின் இரு பக்கமும் கழுதைப் பொதி மாதிரி துணிப் பைகளைத் தொங்கவிட்டு ஊர் சுற்றினார்.

“இதென்னங்ணா பிரமாதம், நானே தெச்சுத் தர்றேன்” என்றாள் அத்தை.

அவள் லைனில் உள்ள பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, வாங்கி வாசலில் நிறுத்தியிருந்த வண்டிக்கு அளவெடுத்தாள். சைலன்சர் பக்கத்துப் பை மட்டும் குட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சூட்டில் பொசுங்கிவிடும் என்றாள். ஜிப், பக்கிள் எல்லாம் வெளிப்பக்கம். வண்டியைத் தொடும் பக்கத்தில் துணி மட்டும்தான். அந்தப் பக்கத்துக்கு அடியில் வைக்க அம்மா தன் படங்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொழுந்து பறிக்கும்போது செடியின் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்கு அது. அத்தை அதை ஓர் உதறு உதறினாள். மண் பொலபொலவென்று கொட்டியது.

“பை கீறாதுங்க அண்ணி. பைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிற மண்ணுதான் கீறும். உப்புத்தாள் போட்ட மாதிரி தேச்சு உட்ரும்.”

கடைசியில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைச் சுற்றி வைத்த ஃபிளானல் துணியைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தாள். துவைத்துக் காயவைத்து, நாலாக மடித்து, பை வண்டியைத் தொடும் பக்கம் முழுக்க வைத்துத் தைத்தாள். ஒரு தையல் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, அந்த இடத்தை என் கன்னத்தில் வைத்து மெல்லத் தேய்ப்பாள்.

“உறுத்துதா அம்மிணி?”

“இல்லீங்கத்தை.”

“இங்க?”

ஓரிடத்தில் நூல் முடிச்சு குத்தியது. சொன்னேன். அதற்காக மொத்தத் தையலையும் பிரித்து மறுபடி தைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வண்டிக்கு எது உறுத்தும் என்பது என் கன்னத்துக்குத்தான் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வழியில் பை நகர்கிறதா என்று பார்க்கப் பின்னால் ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார் சித்தப்பா. ஊட்டி தாண்டும்வரை ஒன்றுமில்லை. நடுவட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கும். என் மழைக்கோட்டு பேருக்குத்தான் கோட்டு. சித்தப்பா இரண்டு இடத்தில் நிறுத்திப் பையைத் தூக்கி அடியில் விரல் விட்டுப் பார்த்தார். “மண்ணு இல்ல சாமி, போலாம்” என்றார். கூடலூர் இறக்கத்தில் என் பல் தந்தியடித்தது. ஆனாலும் இரண்டு கையாலும் இரண்டு பைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

தேவர்சோலையில் வண்டி சத்தம் கேட்டு மாப்பிள்ளை வாசலுக்கு ஓடி வந்தார். அவருடைய அம்மா என்னைப் பார்த்து, “ஐயோ, புள்ள தொப்பலா நனைஞ்சிருக்குதே” என்று உள்ளே போய்க் காய்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் மாப்பிள்ளை அதை வாங்கி டேங்க்கைத் துடைக்க ஆரம்பித்தார். டேங்க் முடிந்து மட்கார்டு, மட்கார்டு முடிந்து சக்கரத்தின் கம்பி. பையை அவிழ்த்து அடியில் குனிந்து பார்த்தார். எங்கேயும் ஒரு கோடுகூட இல்லை. “சூப்பருங்க மச்சான்” என்று சித்தப்பாவின் கையைக் குலுக்கினார். பிறகு அந்தத் துண்டை முறுக்கிப் பிழிந்து, “தொவட்டிக்க பாப்பா” என்று என்னிடம் கொடுத்தார்.

அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. எங்கள் வீட்டிலும் அந்த வண்டிதான் எல்லாவற்றுக்கும் முதல். இவரும் நம்ம ஆள்தான் என்று தோன்றியது.

வண்டியை விட்டுவிட்டு, காலிப் பைகளை மடித்து எடுத்துக்கொண்டு மறுநாள் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அத்தை மிஷினில் தன் கல்யாண ரவிக்கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கீறல் இல்லாததைச் சொன்னேன். மாப்பிள்ளை சக்கரத்துக் கம்பியைக்கூட விடாமல் துடைத்ததைச் சொன்னேன். மிஷின் நின்றது.

“அந்நேரம் நீ நனைஞ்சா நின்ன?”

“ஆமாங்கத்தை. குளிருல பல்லெல்லாம் ஆடுச்சு.”

“அப்புறம் எதுல தொவட்டுன?”

“அதே துண்டுலதானுங்க. வண்டி தொடச்சு முடிச்சப்புறம்.”

அத்தை என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டிருக்க வேண்டும், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

சாயங்காலம் அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றாள்.

“அண்ணா, எனக்கு இந்த இடம் வேண்டாங்ணா.”

அப்பா சத்தம் போட்டார். சித்தப்பா கெஞ்சினார். இனிமேல் எவன் வருவான் என்று அம்மா அழுதாள். காரணத்தையாவது சொல் என்று அத்தனை பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். அவள் “வேண்டாங்ணா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆவணி முடியும்வரை அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று கோத்தகிரியில் சொந்தத் தையல் கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தையிடம் அந்தப் பேச்சை எடுத்தால், “அந்தப் பை நல்லா வந்துச்சல்ல?” என்று மட்டும் சிரிக்கிறாள்.

அப்போது எனக்கு வருத்தமென்றால் அப்படி ஒரு வருத்தம். நாங்கள் பார்க்காத இடத்தில் எங்கேயோ ஒரு கீறல் விழுந்திருக்க வேண்டும், அது எப்படியோ அத்தைக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் கல்யாணம் நின்றது என்று நினைத்தேன். சித்தப்பா தேவர்சோலைக்குப் போய் வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்த அன்று, வெயிலில் நிறுத்தச் சொல்லி அங்குலம் அங்குலமாகத் தேடினேன். டேங்க்கில் இல்லை. பக்கவாட்டில் இல்லை. மண்டி போட்டுச் சைலன்சருக்கு மேலே பார்த்தேன். அங்கேயும் இல்லை.

“அந்தாளு ராத்திரியானா இதுக்குக் கம்பளி போத்தித்தான் வெச்சிருந்தாராம்” என்றார் சித்தப்பா.

இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த மனிதரை அத்தை எதற்காக வேண்டாம் என்றாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.