தண்ணீர் வரிசை

மேடம் இருந்தார். முதலாளி இருந்தார். நான் இருந்தேன். மலேசியாவில், கிள்ளானுக்கு வெளியே முதலாளியின் கத்திரித் தோட்டம். அதில் வலை கட்டிய கொட்டகை. வேறு யாருமில்லை. மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர், நிறையத் தண்ணீர்.

மேடம் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சிப் படிப்பு. வாடிய கத்திரிச் செடியின் தண்டை அறுத்து, அறுத்த முனை தண்ணீரில் படும்படி பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி ஒரு நூல் கீழே இறங்கியது. "பாருங்கண்ணே, இதான் வாடல் கிருமி. மண்ணுல இருந்து ஏறி உள்ள அடைச்சிடும். காலடியில தண்ணி நின்னாலும் செடி தாகத்துல சாகும்." கிருமியைக் கொல்ல மனிதருக்குக் கொடுக்கும் மருந்தைச் செடிக்கு ஊற்றிப் பார்க்கத்தான் வந்திருந்தார். "மனுசன் மருந்தா? அப்ப செடிக்கு லீவு போட எம்.சி.யும் எழுதிக் குடுப்பீங்களா மேடம்?" என்று முதலாளி சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம் சொல்றத மட்டும் செய்யி. மாத்திச் செஞ்சே, பெர்மிட் கட். அடுத்த ஃப்ளைட்தான் லா." நான் ஊரிலிருந்து வேலைக்கு வந்த நாள் முதல் என் பாஸ்போர்ட் அவர் டிராயரில்தான் இருந்தது.

கத்திரி நாற்று நட்ட எல்லாத் தொட்டியிலும் கிருமியை விட்டோம். ஒரு வரிசைக்கு மருந்து, ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர். வரிசைக்கு இருபது தொட்டி. தண்ணீர் வரிசை செத்தால்தான் மருந்தின் வேலை தெரியும் என்றார் மேடம். "அதுல ரெண்டு மூணு நின்னாலே அதிசயம். பாவம் பாக்காதீங்கண்ணே, என் ஒரு வருசம் இதுல இருக்கு." உள்ளே வந்த செடி வெளியே போகக் கூடாது என்றும் சொன்னார்.

அத்தனையும் நான் விதை போட்டு எழுப்பிய நாற்று. மூன்றாம் நாள் மதியம் தண்ணீர் வரிசையில் ஒரு செடியின் இலை தொங்கியது. ஊரில் அப்படித் தொங்கும் செடியைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றதில்லை. வாளியில் மருந்து மிஞ்சியிருந்தது. வரிசை முழுக்க ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன்.

உயிரோடு நிற்பதை எண்ணுகிற நாளில் மேடம் தண்ணீர் வரிசை முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "மருந்துக்கும் தண்ணிக்கும் வித்தியாசமே இல்லையே. பைப்புத் தண்ணிதான் டாக்டரா லா?" என்றார் முதலாளி. மேடம் ஒரு தண்டை அறுத்து அதே டம்ளரில் பிடித்தார். நூல் இறங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணே, தண்ணி மட்டுந்தானே ஊத்துனீங்க?"

முதலாளியும் என்னைப் பார்த்தார்.

"ஆமா மேடம்."

அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னை ஊருக்கு ஏற்றியிருப்பார்கள். சொல்லவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை.

நான் இன்னும் இதே தோட்டத்தில். பாஸ்போர்ட் அதே டிராயரில். டம்ளரை அவர் எடுத்துப் போகவில்லை. கழுவி வைத்திருக்கிறேன், அதில் குடிப்பதில்லை. அன்று நோட்டில் அவர் எழுதியதை நானும் பார்த்தேன். தண்ணீர் வரிசை. இருபதில் உயிரோடு நின்றவை, பதினேழு.