ஜீப்புக்கு முன்னால் கட்டிய கரும்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தைப்பூசத்தன்று, கிள்ளானிலிருந்து பத்துமலைக்குப் போகும் வழியில் நடந்தது இது. எனக்குத் திருமணமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அவருக்கு இரண்டு பெண்டாட்டி என்று நான் கேலி செய்வது வழக்கம். ஒருத்தி நான். இன்னொருத்தி, எஸ்டேட் மானேஜர் ஒருவர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய ஜப்பான் ஜீப். எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அதுதான் மூத்தாள்.

மூத்தாளுக்கு ஒரு வியாதி இருந்தது. திறந்த சாலையில் குதிரை மாதிரி ஓடும். ஜாமில் மாட்டினால் போதும், சூடு காட்டும் முள் மேலே ஏற ஆரம்பித்துவிடும். ஏன் என்று நான் கேட்காமலே அவர் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். ரேடியேட்டரைக் குளிர வைக்கும் காற்றாடியை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. வண்டி நின்றால் இன்ஜின் மெதுவாகும், காற்றாடியும் கூடவே சோம்பிப்போகும். காற்று அதிகம் வேண்டிய நேரம் பார்த்துக் காற்று குறைந்துவிடும். “மாமியார் வீட்டுக்கு வந்தா நீங்க ஆகிற மாதிரி”என்று நான் சொல்வேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். கோபமே வராத மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் அக்காவுக்குப் பல வருடங்களாகக் குழந்தை இல்லை. தங்கிய கருவும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து படுப்பதைப் பார்த்தவள் நான். அப்படிப்பட்டவளுக்குக் கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதத்தில் பிறந்து, உள்ளங்கையில் வைத்து வளர்த்த பிள்ளை. பிழைத்து எழுந்தால் கரும்புத் தொட்டில் எடுக்கிறேன் என்று அக்கா பத்துமலை முருகனுக்கு வேண்டியிருந்தாள். கரும்பில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகக் கட்டி, அதில் குழந்தையைப் படுக்க வைத்து, தாயும் தகப்பனும் தோளில் சுமந்து படியேறுவார்கள். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் செய்கிற நேர்த்திக்கடன் அது.

டாக்டர் மட்டும் ஒன்று சொல்லியிருந்தார். இந்தக் குழந்தைக்கு வெக்கை ஆகாது, அதிக நேரம் சூட்டில் வைத்திருக்காதீர்கள் என்று. அதனால் விடியும்போதே புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் படியேறி இறங்கிவிடுவது என்று முடிவானது. எல்லோரும் ஏறக்கூடிய வண்டி எங்களுடையதுதான்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. தைப்பூச ஜாமில் பிள்ளையை வைத்துக்கொண்டு வண்டி கொதித்தால் என்ன செய்வது? ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவரும் கார்களின் சாமான்களை விற்கிற ஹாஃப்-கட் கடைகள் அப்போது எங்கள் பக்கம் நிறைய உண்டு. அங்கே கிளறிக் கிளறி, ஏதோ ஒரு பெரிய காரின் மின்சாரக் காற்றாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது பேட்டரியில் ஓடும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் இதற்குக் கவலையில்லை. பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினார். காற்று ஓரத்தில் கசியாமலிருக்கத் தகரத்தை வெட்டிச் சுற்றிலும் சட்டம் போட்டார். ஒயர் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதிலேயே கரைந்தன. வேலை முடிந்ததும் வீட்டு வாசலில் ஜீப்பை ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்னாச்சு, உங்க ஜீப்புக்கு வலி எடுத்திருச்சா?”என்று கேட்டார். முள் நடுவிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, முதல் ராங்க் எடுத்த பையன் தோற்றுப்போவான்.

தைப்பூசம் வந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், தோகையோடு நெடுநெடுவென்று கரும்புகளைக் கொண்டுவந்தார். ஜீப்புக்குள் வைக்க முடியவில்லை, அவ்வளவு நீளம். மேலே கேரியரில் பாய், சோற்றுப் பானை, செருப்பு மூட்டை எல்லாம் ஏற்கெனவே கிடந்தன. அம்மா ஒரே சத்தம். “செருப்பு கெடக்கிற இடத்துல வேண்டுதல் கரும்பா? முன்னால கட்டுங்க. சாமி முன்னால போனாத்தான் நமக்கு வழி கெடைக்கும்.”

அப்படியே ஆயிற்று. முன்பக்க இரும்புக் கம்பியில் கரும்பைக் குறுக்காகக் கட்டினார்கள். தோகை வேறு இரண்டு பக்கமும் மடிந்து தொங்கியது. அதன்மேல் புது மஞ்சள் வேட்டியைச் சுற்றினார்கள். நடுவில் பெரிய முருகன் படம், அதற்குச் செவ்வந்தி மாலை, வேப்பிலைக் கொத்து. ஜீப்புக்கு மூக்கும் வாயும் இருந்த இடமே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் தேர் மாதிரி அழகாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் தயங்கினார். “அத்தை, ரேடியேட்டருக்குக் காத்து அந்த வழியாத்தான் போகணும்...”

“முருகனே முன்னால நிக்கிறாரு. அவருக்கு மேலயா தம்பி காத்து?”என்றார் அம்மா.

அக்கா பிள்ளையை அணைத்துக்கொண்டு கலங்கிய கண்ணோடு நின்றிருந்தாள். விரதத்தில் வாடிய முகம். அவளைப் பார்த்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். சின்ன மாப்பிள்ளை எத்தனை தடவைதான் எதிர்த்துப் பேசுவது?

கூட்டரசு நெடுஞ்சாலை வரை ஒன்றும் தெரியவில்லை. கோலாலம்பூருக்குள் நுழைந்து ஜாலான் ஈப்போ சாலையில் திரும்பியதும் ஜாம் பிடித்துக்கொண்டது. நடந்து போகிறவர்கள் எங்களை முந்திப் போனார்கள். சூரியன் மேலே வந்துவிட்டான். நான் முன்சீட்டில் இருந்ததால் முள் ஏறுவதைப் பார்த்தேன். புதுக் காற்றாடி முன்னால் ஓலமிட்டுக்கொண்டிருந்தது. அவர் நெற்றி வேர்த்தது. பிறகு பானட்டின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி. ஒரு கடை வரிசையின் ஓரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்.

பிள்ளை அழ ஆரம்பித்தாள். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அக்கா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, “முருகா, இவ்வளவு தூரம் கொண்டாந்துட்டு இங்கேயே விட்டுறாதே”என்று அழுதாள்.

“ஹாஃப்-கட் சாமான் வாங்கினா இப்படித்தான் லா. பழசையே விட்டிருக்கலாம்”என்றார் அத்தான்.

“புதுக் காத்தாடி வேலையைக் காட்டிருச்சு”என்றார் அம்மா.

என் வீட்டுக்காரர் இறங்கிப் போய் முருகன் படத்துக்கு முன்னால் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. என்ன பார்க்கிறார் இந்த மனிதர் என்று நானும் போய்ப் பார்த்தேன். படத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் வேட்டியும் தோகையும் ஜீப்பின் முகத்தோடு அப்பிக்கொண்டிருந்தன. இன்ஜினை அணைத்த பிறகும் பேட்டரியில் ஓடும் காற்றாடி உள்ளேயிருந்து அவ்வளவு பலமாக இழுக்கிறது. விரலை விட்டு வேட்டியைப் பிரித்தேன். விட்டதும் மறுபடி ஒட்டிக்கொண்டது. காற்றாடிக்கு ஒரு குறையும் இல்லை. மூச்சு விட வழியில்லாமல் நாங்கள்தான் கட்டி வைத்திருக்கிறோம்.

“இதைப் பாத்துமா பேசாம நிக்கிறீங்க?”என்று கத்தினேன்.

“அக்காவோட வேண்டுதல். நான் எப்படி கை வைக்கிறது?”என்றார் மெல்ல.

நான் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னேன். அத்தான் வந்து பார்த்தார். ஆனால் அவரும் முடிச்சில் கை வைக்கவில்லை. அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. “நேர்த்தின்னு கட்டினதை நடுரோட்டுல அவுக்கிறதா? கரும்பை எங்க வைப்ப? தரையிலயா? பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா?” பல வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. வெயிலும் பயம், சாமியும் பயம்.

அப்போதுதான் எதிரே இருந்த மளிகைக் கடையிலிருந்து ஒரு சீன ஆன்டி குடையோடு வந்தார். பூப்போட்ட சட்டை, பூப்போட்ட காற்சட்டை. எங்களை ஒன்றும் கேட்கவில்லை. நேராக அக்காவிடம் போய்க் குடையைப் பிடித்து, தாயையும் பிள்ளையையும் கடைக்குள் கூட்டிப்போய் மின்விசிறிக்கடியில் உட்கார வைத்தார். ஈரத்துணி கொடுத்தார். அழுகை அடங்கியதும் மறுபடி வெளியே வந்து ஜீப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கரும்பைக் காட்டி அம்மாவிடம், “இனி தெபு, துஹான் புன்யா?”என்று கேட்டார். இந்தக் கரும்பு சாமியுடையதா என்று கேட்கிறார். அம்மா தலையாட்டினார்.

ஆன்டிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தன் கடை வாசலைக் காட்டினார். சீனப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சிவப்பு விளக்குகள் இன்னும் தொங்கின. வாசல் தூணில் வானத்துச் சாமிக்கு ஒரு சிவப்பு மாடம். அதன் இரண்டு பக்கமும் தோகை காய்ந்த கரும்புகள் நின்றன! எங்கள் சாமிக்கும் நாங்கள் கரும்பு வைப்போம், தரையில் படவிட மாட்டோம், உங்கள் கரும்பை இங்கே நிறுத்துங்கள் என்று மலாயில் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. குழாயில் கை கழுவினார். மாடத்தின் ஓரம் கிடந்த சாமான்களை ஒதுக்கினார். ஒரு நாற்காலியைத் துடைத்து, சிவப்புத் துணி விரித்து, முருகன் படத்துக்கு இடம் செய்தார். பிறகு ஜீப்புக்கு அருகில் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சுடுகிற தாரில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, தொடலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா அந்த வெறுங்காலைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து முதல் முடிச்சை அவிழ்த்தார்.

கரும்பின் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை ஆன்டியும் பிடித்துக்கொண்டு போய் மாடத்தருகே நிறுத்தினார்கள். முருகன் நாற்காலியில் அமர்ந்தார். ஆன்டி ஊதுபத்தி கொளுத்தித் தன் சாமிக்கும் காட்டினார், எங்கள் சாமிக்கும் காட்டினார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதுவரை கோபத்தில் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அதோடு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தோம். அந்த நேரத்தில் அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் கரும்பு எதற்கு என்று சொன்னார். ஆன்டி உள்ளே உறங்கிய பிள்ளையை எட்டிப் பார்த்தார். தன் மருமகளுக்கும் வெகுநாளாகப் பிள்ளை இல்லை என்றார். திரும்பி வரும்போது அந்தக் கரும்பில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். கூச்சத்தோடு கேட்டார்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார். முள் இறங்கி நடுவில் நின்றது. “சகலை, ஃபேனுக்கு ஒண்ணுமில்ல லா”என்றார் அத்தான். “ம்”என்றார் இவர். அவ்வளவுதான். நானாக இருந்தால் அந்த ஒரு ‘ம்’முக்குப் பதிலாக ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். சோற்றுப் பானையும் செருப்பு மூட்டையும் எங்கள் மடிக்கு வந்தன. கேரியரைக் கழுவித் துடைத்துக் கரும்பையும் முருகன் படத்தையும் மேலே ஏற்றினோம். அதற்குப் பிறகு பத்துமலை வரை ஊர்ந்தே போனாலும் ஜீப் ஒரு முறைகூட முனகவில்லை.

வெயில் ஏறிவிட்டது, உண்மைதான். ஆனாலும் அக்காவும் அத்தானும் தொட்டிலைச் சுமந்து ஏறினார்கள். நான் பக்கத்திலேயே குடை பிடித்தபடி நடந்தேன். பிள்ளை பாதி வழி தூங்கினாள், மீதி வழி குகையின் கூரையைப் பார்த்துக் கை காலை ஆட்டினாள்.

திரும்பும்போது எல்லோருக்கும் அசதி. நான்கூட அந்தத் துண்டை மறந்துவிட்டேன். “தம்பி, அந்தக் கடைகிட்ட நிறுத்துங்க”என்று அம்மாதான் சொன்னார். பிள்ளையைத் தாங்கிய நடுப்பகுதியைக் கணு கெடாமல் வெட்டி, தொட்டில் துணியில் கொஞ்சம் கிழித்துச் சுற்றி வைத்திருந்தார். கடை வாசலில் ஆன்டியோடு ஓர் இளம்பெண்ணும் நின்றிருந்தாள். அம்மா அந்தக் கரும்பை ஆன்டியிடம் தரவில்லை. அந்தப் பெண்ணை அருகே அழைத்து, அவள் இரண்டு கையிலும் வைத்து, தன் மகளுக்குப் பூசுவது போல நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அவள் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று விசாரிக்க நினைப்போம். இல்லை என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நிறுத்தாமலே போய்விடுவோம். பின்னாளில் சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கடை வரிசையே போய்விட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளை வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள். இன்றும் தைப்பூசத்தில் கரும்புத் தொட்டில் ஒன்று என்னைக் கடந்து போனால், கைகூப்பி நான் முதலில் வேண்டிக்கொள்வது, பெயர்கூடக் கேட்டு வைக்காத அந்த மருமகளின் மடி நிறைந்திருக்க வேண்டும் என்றுதான்.