தென்னையில் கட்டிய கடந்தைக் கூடு

அக்காவின் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, வயலும் தோப்புமான இடத்தில் இருக்கிறது. அத்தான் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து கட்டியது. பின்பக்கம் சில தென்னைகள், ஒரு மோட்டார் அறை, அதைத் தாண்டினால் வாய்க்கால் கரைப் பாதை. சாரல் சமயத்தில் ஒரு வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வருவது என் வழக்கம். அந்த வருஷமும் போயிருந்தேன்.

கூட்டை முதலில் பார்த்தது அக்காதான். துணி காயப்போடப் போனவள் வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, கடைசித் தென்னையில கடந்தை கட்டியிருக்கு. குடத்தத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

சன்னல் வழியாகப் பார்த்தோம். காய்ந்த மட்டைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் தொங்கியது. மழையில் யாரும் அண்ணாந்து பார்க்காத நாட்களில் வளர்ந்திருக்க வேண்டும். தேனீ கொட்டினால் ஒரு தடவையோடு சரி. கடந்தை என்கிற இந்தப் பெரிய குளவி ஒன்றே பல தடவை கொட்டும், கூட்டமாக வந்தால் மாடே சாகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பந்தம் கட்டிக் கொளுத்திருவோமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வேண்டாம்வே. தப்பிச்சதெல்லாம் நம்ம மேலதான் வந்து விழும். அதுக்குன்னு ஆளு இருக்கு" என்றார் அத்தான்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். பேசியவர் நிதானமாகச் சொன்னார். "இப்ப வந்தா பாதி வெளிய மேஞ்சுகிட்டு இருக்கும் சார். பொழுது அடைஞ்சதும் எல்லாம் கூட்டுக்குள்ள வந்துரும், அப்ப வாரோம். அதுவரைக்கும் பக்கத்துல போவாதீய. புகை போடாதீய, கல்லு விடாதீய. சன்னலெல்லாம் சாத்தி வையுங்க. தெருவுக்கும் சொல்லிருங்க."

அத்தான் சொன்னபடியே செய்தார். வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மாட்டை முன்வாசலுக்கு மாற்றினார். பின்கதவைத் தாழிட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். பயமெல்லாம் போய், அன்றைக்கு ராத்திரி தோசையா உப்புமாவா என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று காற்று எடுத்தது. தென்னையில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. காய்ந்த மட்டை ஒன்று கூட்டை உரசிக் கிழித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிஷம் காதில் விழுந்தது ஒரு பெண்ணின் அலறல்தான்.

வாய்க்கால் கரையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். குளத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. தெருவுக்குச் சொன்ன சேதி அவளுக்கு எப்படிப் போகும்? புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு, ஓடத் தெரியாமல் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினாள். பிறகு விழுந்தாள்.

அத்தான் கட்டிலில் கிடந்த கம்பளியை உருவினார்.

"போவாதீங்க! தீயணைப்புக்குப் போன் பண்ணுவோம், போவாதீங்க!" அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள்.

"அவிய வாரதுக்குள்ள அவ செத்துருவாட்டி. நான் போனதும் கதவச் சாத்து. யாரும் வெளிய வரப்பிடாது."

அக்காவின் கையை விலக்கிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புக்குப் போன் போட்டேன். சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடியவர், அவளிடம் போனதும் அதைக் கழற்றி அவள்மேல் சுற்றினார். அதற்குப் பிறகு அவர் தலையிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. அவளை இழுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குள் போய்க் கதவை அடைத்தார். சட்டைக்குள் புகுந்தவையும் அவரோடேயே உள்ளே போயிருக்கின்றன.

தீயணைப்புக்காரர்கள் உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு வந்து இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள். அவள் முனகிக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு முகமே இல்லை. வீங்கிய ஒன்று இருந்தது. அக்கா ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் நின்றேன்.

பொழுது அடைந்ததும் கூட்டை எரித்தார்கள். அதிக நேரம் ஆகவில்லை. கருகி விழுந்ததைக் கம்பால் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர்களில் மூத்தவர் என்னிடம் சொன்னார்: "நாங்க சொன்னபடி எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காவ."

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றினார்கள். விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். டயாலிசிஸ் செய்தார்கள். அத்தானுக்குக் கடைசிவரை நினைவு சரியாகத் திரும்பவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

ஊரெல்லாம் அத்தானைப் புகழ்ந்தது. பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னாள்: "எல்லாரும் சாமி மாதிரிங்காவ. எனக்குக் கோவமாத்தான் வருது. அவிய மேலயும் வருது, அவ மேலயும் வருது. அவ என்ன செய்வா, பாவம். ஆனா வருது."

அந்தப் பெண் இரண்டு முறை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனாள். இரண்டு முறையும் அக்கா உள்ளே படுத்துக்கொண்டாள். மூன்றாம் முறை எழுந்து வந்தாள். நாற்காலியைக் காட்டினாள். அந்தப் பெண் உட்காரவில்லை. காதுக்குப் பின்னால் தழும்பு கறுத்திருந்தது.

"மோட்டார் ரூமுல அவிய என்ன சொன்னாவ?" என்று அக்கா கேட்டாள்.

"அசையாதம்மான்னாவ. கண்ணப் பொத்திக்கன்னாவ. இப்ப வந்துருவாவன்னு ரெண்டு மூணு தடவ சொன்னாவ."

"பெறகு?"

"பெறகு பேசலக்கா. மூச்சு மட்டும் இரைச்சுது."

"என்னயப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஏதாவது சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய்யாக இருந்தாலும் யாருக்கு என்ன நஷ்டம்?

"இல்லக்கா" என்றாள்.

"சரி, இரு. காப்பி போடுதேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. பால் பொங்கி வழிந்து தீய்கிற வாடை வந்தது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அக்கா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அத்தான் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதாள்.