எட்டு ரப்பர் விதைகள்

அரிசி டிரம்மைத் திறந்தால் நான் முதலில் கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பேன். முழங்கை வரை விடுவேன். ஜோகூர் பாருவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு அரிசி பத்துக் கிலோ பைகளில் வருகிறது. நன்றாகக் காய்ந்து, மெருகேறி, குளிர்ந்து கிடக்கும் அரிசி. சூடாக அதற்கு ஒரு காரணமும் இல்லை. மருமகளுக்கு இது தெரியும். "என்ன மாமா, காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பாள். இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் நான் அளந்து எடுப்பேன்.

எதையும் எண்ணிப் பார்ப்பது எனக்குப் பிறவிப் பழக்கம். தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத பழக்கம் எட்டு வயதில், ஒரு மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டது.

அப்போது நாங்கள் சிகாமட் ஊருக்கு வெளியே இருந்தோம். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபிறகு மிஞ்சியது ஒரே ஒரு லயம், ஒட்டி நின்ற எட்டு வீடுகள். கதவுகளில் தாரால் எழுதிய எண்கள். எங்களுடையது மூன்று. பால்வெட்டு வேலை போனபின் எட்டு வீட்டாரும் ஆற்றோரப் பள்ள நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் நெல் போட்டார்கள். அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை செய்தார். மாதம் ஒருமுறை ரயிலில் வருவார். எங்கள் பங்கு நிலத்தில் அம்மாதான் நட்டார், களை எடுத்தார், அறுத்தார். அந்த ஆண்டு எங்களுக்கு ஒன்பது மூட்டை கிடைத்தது. என்னையும் இரண்டு தங்கைகளையும் சேர்த்து ஐந்து பேருக்கு அடுத்த அறுப்பு வரை அதுதான் சோறு. நெல்லை அடித்து முடித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லைக் காயவைக்க வெயில் என்று ஒன்று வரவே இல்லை.

மழையோடு மழையாக மாமா வந்தார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. விவசாயப் பொறியியல் படித்துவிட்டு, நெல்லைக் காயவைப்பதையும் அரைப்பதையும் சேமிப்பதையும் ஆராயும் ஓர் அரசாங்க நிலையத்தில் வேலை பார்த்தார். அவர் வந்தால் பக்கத்து வீட்டு ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டுதான் பேச வருவார்கள். இந்தத் தடவை லோரியில் வந்தார். லோரியில் ஒரு பெரிய மரப்பெட்டி. அதன் அடியில் துளைபோட்ட தகரம். கூடவே ஒரு காற்றாடியும் அதைச் சுற்ற ஓர் இஞ்சினும். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட பழைய புகைவீட்டில் எல்லாவற்றையும் இறக்கினார்கள். பக்கத்தில் அடுப்பு கட்டி ரப்பர் விறகை எரித்தால் சூடான காற்று தகரத் துளைகள் வழியாக நெல்லுக்குள் ஏறும். பகலுக்கு ஒரு வீட்டு நெல், இரவுக்கு ஒரு வீட்டு நெல். அதுவரை மற்றவர்கள் தங்கள் நெல்லைப் பாயில் பரப்பிக் கிளறிக்கொண்டிருந்தால் போதும்.

எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மாமா அதோடு நிறுத்தவில்லை. ஒரு வீட்டு நெல்லை மட்டும் பெட்டியில் போடக் கூடாது என்றார். வழக்கமாக மழையில் என்ன செய்வார்களோ அதைப் போல, அந்த நெல்லை அதே கூரையின்கீழ் குவித்துத் தார்ப்பாயால் மூடி விட்டுவிட வேண்டும்.

ஏன் என்று கேட்டவர் ஆறாம் வீட்டு அக்கா. அவருடைய கணவர் காசநோயால் மருத்துவமனையில் கிடந்தார். மூன்று பிள்ளைகளோடு தனியாக இருந்த அவருக்கு வாய்தான் துணை. "போன வருசமும்தான் மழ. பெட்டியா வந்துச்சு? எங்க நெல்லு தப்பிச்சுதே தம்பி," என்றார்.

"அதேதான்க்கா," என்றார் மாமா. "இந்த வருசமும் தப்பிச்சா, பெட்டி காப்பாத்துச்சா, இல்ல தானாவே தப்பிச்சுச்சான்னு எப்படிச் சொல்லுவீங்க? ஒண்ண விட்டுப் பாத்தாதான் தெரியும்."

அப்படியானால் ஒரு கூடை நெல்லை விட்டுப் பாருங்களேன் என்று ஒருவர் சொன்னார். கூடை நெல் சூடாகாது, பெரிய குவியல்தான் சூடு பிடிக்கும் என்றார் மாமா. வீட்டுக்கு ஒரு மூட்டை போட்டுக் குவிக்கலாமே என்றார் இன்னொருவர். வெவ்வேறு நாளில் அறுத்த நெல்லை ஒன்றாகக் கலந்தால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது என்றார் மாமா. இழப்பவருக்கு நிலையத்திலிருந்து ஈடு கேட்டிருக்கிறார். அதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

எந்த வீட்டு நெல் என்பதை யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அவருடைய அடுத்த விதி. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. "மனுசன் தேர்ந்தெடுத்தா அதுல ஆச இருக்கும், பயம் இருக்கும், வேண்டியவங்க வேண்டாதவங்க இருக்கும். அப்புறம் நெல்லு சொல்றது நமக்குக் கேக்காது. நாம சொல்றதுதான் கேக்கும்."

இழப்பது ஒருவர், பிழைப்பது ஏழு பேர். ஒவ்வொருவரும் தம்மை அந்த ஏழில் வைத்துத்தான் எண்ணியிருக்க வேண்டும். வெளியே மழை இன்னும் வலுத்தது. சம்மதித்தார்கள்.

சீட்டுப் போடக் காய்ந்த காகிதம் இல்லை. என்னிடம் ரப்பர் விதைகள் கேட்டார் மாமா. என் சேகரிப்பிலிருந்து ஒரே அளவில் எட்டு விதைகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். ஆணியால் ஒவ்வொன்றிலும் வீட்டு எண்ணைக் கீறிப் பால்மாவு டின்னில் போட்டுக் குலுக்கினார். சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மூணு," என்றார்.

புகைவீட்டில் ஏழு பேர் மூச்சு விட்டார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா அங்கே இல்லை. வீட்டில் ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தார். மாமா நேராக அடுப்படிக்குப் போய் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஊதுகுழல் அம்மாவின் கையில் அப்படியே நின்றது. கதவுக்குப் பின்னால் இருந்த எனக்கு அம்மா சொன்னது மட்டும்தான் கேட்டது. "அவளுக்கு மூணு பிள்ளைங்கடா." மறுபடி அடுப்பை ஊதிவிட்டு, "சரி."

எங்கள் வீட்டிலும் மூன்று பிள்ளைகள்தான். அவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்கள் என்று நான் யோசிக்கவில்லை. என் மனமெல்லாம் ஒன்பது மூட்டையில் இருந்தது.

விதைகள் என்னுடையவை என்பதால் திரும்ப எடுத்துவரப் புகைவீட்டுக்குப் போனேன். எட்டுக் கொடுத்தேன், ஒன்று மாமாவின் பையில். மிச்சம் ஏழு இருக்க வேண்டும். ஏழு இருந்தன. வரிசையாக அடுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்ததை எடுக்கப் போன கை நின்றுவிட்டது. மூன்று இங்கே இருந்தது. நான்கு, ஐந்து, ஏழு, எட்டு. இல்லாதது ஆறு.

கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன். மறுபடியும் அப்படியேதான் வந்தது.

மாமா பொய் சொல்லிவிட்டார். அதுவும் எங்களுக்கு எதிராக, என் அம்மாவின் ஒரே தம்பி. இது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் மாமா இனி எங்கள் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அப்பாவிடம் சொன்னால் அவர் கை சும்மா இருக்காது. சொல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இல்லை. மூன்றாம் விதையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நடக்கும்போதெல்லாம் அது தொடையில் உரசி, இருக்கிறேன் இருக்கிறேன் என்றது.

இஞ்சின் ஓடத் தொடங்கியது. மற்றவர்களின் நெல் பெட்டியில் ஏறி, சலசலவென்று உதிர்ந்து, காய்ந்த வாசனையோடு இறங்கியது. மூலையில் தார்ப்பாயின்கீழ் எங்கள் நெல் கிடந்தது. மறுநாள் கையை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டதுபோல் இருந்தது. அதற்கு அடுத்த நாள் கையை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. தார்ப்பாயைத் தூக்கினால் ஆவி வந்தது, புளித்த கள்ளின் நாற்றம் வந்தது. மேலாக இருந்த நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. அது எந்த நேரமும் தீப்பிடிக்கும், புகைவீடும் லயமும் சேர்ந்து எரியும், எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். படுத்தேனே தவிரத் தூங்கவில்லை.

மாமா ஒரு நீண்ட மூங்கில் குழாயைக் குவியலுக்குள் செருகி, அதற்குள் வெப்பமானியை இறக்கி எடுத்துப் பார்ப்பார். பார்த்தபின் தார்ப்பாயை மூடிவிட்டு ஒரு கையை அதன்மேல் வைத்தபடி கொஞ்சம் நிற்பார். எங்கள் வீட்டில் அவர் சோறு சாப்பிடவே இல்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றார். குற்றம் செய்தவன் நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் முடிவுகட்டினேன்.

ஆறாம் வீட்டு அக்கா தன் காய்ந்த நெல்லை மூட்டை கட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "அய்யோ, அலமாக், ஒங்க மாமா ஒங்க நெல்லுக்கே காய்ச்சல் வர வச்சிட்டாருடா. சொந்த அக்கா வீடுன்னுகூடப் பாக்கலயே. நல்ல மாமாதான் லா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் பையில் இருந்த விதையை எடுத்து அவர் முகத்துக்கு எதிரே நீட்டத் தோன்றியது. பயம் கையைப் பிடித்துக்கொண்டது.

நான் பயந்தது போலவே அப்பா வந்தார். ரயிலடியிலிருந்து நனைந்துகொண்டே வந்தவருக்கு வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழையாமல் புகைவீட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். அவர் தார்ப்பாயை விலக்கி, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, சட்டென்று இழுத்தார். கையில் ஒட்டிவந்த நெல் பழுப்பாக இருந்தது. அதை உதறாமல் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, இது யாரு நெல்லு?"

"நம்மளுது, அத்தான்."

"நம்மளுதுன்னு தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

சீட்டில் வந்தது என்று சுற்றி நின்றவர்கள்தான் சொன்னார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ அங்கதான இருந்த. நம்ம நம்பரா வந்துச்சு?"

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் கை பைக்குள் இருந்தது. விதையின் வழவழப்பில் மூன்றைக் கீறிய கோடுகள் விரலில் தட்டுப்பட்டன. மாமா என்னைப் பார்க்கவில்லை. குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன்.

"மூணுதான் வந்துச்சு," என்று வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். "நான் பாத்தேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சொன்னதை அவர் என்றைக்கும் மறுத்துக் கேட்டதில்லை. சாக்குத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா அங்கே இல்லவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதுவரை எனக்கு இருந்தது ஒரு பயம். அதற்குப் பிறகு இரண்டு. அம்மாவும் மாமாவும் சேர்ந்து என் அப்பாவை ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு அன்று அம்மா பக்கத்தில் படுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

ஏழு வீட்டு நெல்லும் பிழைத்தது. அரைத்துப் பார்த்தபோது அரிசி உடையாமல் வெள்ளையாக வந்தது. எங்கள் ஒன்பது மூட்டையை வாத்துப் பண்ணை முதலாளியான சீனத் தௌக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளிப்போனார். லயத்தார் எங்கள் குவியலைப் பார்த்தபின்தான் பெட்டியை நம்பினார்கள். அடுத்த அறுப்புக்குள் அதேபோல் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு டின் அரிசி கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்கள். எண்ணினேன். ஆறு டின். ஏழாவது வரவில்லை. ஆறாம் வீட்டிலிருந்து வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா திரும்பிப் பார்த்தார். "அத எண்ணாத," என்றார். கடிந்து சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு ஆறு மாதம் எங்கள் வீட்டில் ஒரு வேளை சோறு, ஒரு வேளை மரவள்ளிக்கிழங்கு.

மாமா புறப்பட்ட அன்றும் மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை லோரியில் ஏற்றியாயிற்று. அப்பாவுக்குக் கோபம் பாதி ஆறியிருந்தது. சாலை வரை கூட நடந்தார். இவ்வளவு கொடுத்ததற்குப் பலன் இருக்க வேண்டுமே என்ற ஆதங்கத்தில் கேட்டார்.

"இத எழுதி மேல அனுப்புவீங்கதான? பெரிய ஆளுங்கல்லாம் பாப்பாங்கல்ல?"

"பெட்டி நல்ல பெட்டி, அத்தான். அதுல சந்தேகமில்ல. ஆனா இத எழுத முடியாது."

"ஏன், எல்லாம் சரியாதான வந்துச்சு?"

"சரியாதான் வந்துச்சு. ஆனா நான் சொன்ன மாதிரி செய்யல. வேற எங்கயாச்சும் மொதல்லேருந்து செய்யணும்."

படித்தவர்கள் கணக்கே தனி என்று அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அம்மா தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். லோரியில் ஏறப்போன மாமா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு, சாலையோரக் கால்வாயில் போட்டார். என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரப்பர் விதை தண்ணீரில் மிதக்கும். நான் கால்வாய் ஓரமாக ஓடினேன். லோரி கிளம்பிய சத்தமும், மாமா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பின்னால் கேட்டன. திரும்பவில்லை. மழைத் தண்ணீர் என்னைவிட வேகமாக ஓடியது. பாலத்தடியில் புகுந்த விதை மறுபக்கம் வரவே இல்லை.

அதை மட்டும் பிடித்திருந்தால் எட்டும் சரியாகியிருக்கும். பாலத்தின்மேல் குந்தி உட்கார்ந்து நான் அழுததற்கு அன்று எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.