தரை காயும் வரை

உலகத்தில் இதுவரை பிறந்த தளபதிகள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, எங்கள் ஊரில் வீடு வீடாகப் புகைபோக்கி துடைக்கும் புகைபோக்கிக்காரர் நெஸ்டோரி கீஸ்கினெனை மறு தட்டில் உட்கார வைத்தால், தளபதிகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடுவார்கள். அவர்கள் ஆயுசுக்கு ஒன்றோ இரண்டோ யுத்தம் நடத்தியவர்கள். நெஸ்டோரி புதன்கிழமை தவறாமல் ஒன்று நடத்துகிறார். அதுவும் முப்பத்தொன்பதாம் வருஷம் ரஷ்யா எங்கள் பின்லாந்து மேல் பாய்ந்த அந்த ஒரே யுத்தம். ஒவ்வொரு வாரமும் தோற்கிறார். தோல்வியில் இவ்வளவு அனுபவம் உள்ள மனிதர் சரித்திரத்திலேயே கிடையாது.

சாயங்காலம் கூரைகளிலிருந்து இறங்கி வந்ததும் முகம் கழுவுவார். எவ்வளவு கழுவினாலும் கண்ணோரத்துக் கரி போகாது. மை தீட்டிய மாதிரி இருக்கும். அந்த முகத்தோடு வீட்டு நிலவறைக்கு இறங்குவார். அங்கே இரண்டு பீப்பாய்கள் மேல் ஒரு பழைய கதவு மல்லாந்து கிடக்கிறது. கதவு முழுக்க வரைபடம். ஏரிகளுக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, நாற்பத்துநாலில் பறிபோன எங்கள் கரேலியாவுக்கு மட்டும் ரொட்டியின் நிறம். பூட்டு இருந்த ஓட்டைதான் லெனின்கிராட். ரஷ்யப் பட்டாளம் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்துகொண்டே இருக்கும்.

பின்லாந்து வீரர்கள் காய்ந்த பட்டாணி. ரஷ்யர்கள் காப்பிக்கொட்டை, எத்தனை செத்தாலும் பையில் இன்னும் இருக்கும். பிரிட்டனும் பிரான்சும் தீக்குச்சிகள். பெரும்பாலும் பெட்டியை விட்டே வெளியே வருவதில்லை. சுவீடன்காரர்கள் சர்க்கரைக் கட்டிகள்.

"ஏன் மாமா சுவீடனுக்குச் சர்க்கரை?" என்று கேட்டேன்.

"தூரத்துல பாத்தா கோட்டை மாதிரி நிக்கும். ஈரம் பட்டாக் கரைஞ்சிரும்."

ஒரு தடவை அவர் பகடையைத் தேடக் குனிந்த நேரத்தில் சுவீடனின் இரண்டாவது படைப்பிரிவை எடுத்துக் கடைவாயில் அடக்கி, மேலே காப்பியையும் ஊற்றிக்கொண்டேன். நிமிர்ந்தவர் காலியிடத்தைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். "நடுநிலை நாட்டை முழுங்கிட்டியேடா. அது உள்ளேயும் நடுநிலையாத்தான் இருக்கும். மூணு நாளைக்கு வெளிய வராது, பாத்துக்க" என்றார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

ரஷ்யாவாக ஆடுவது நான். ஊரில் வேறு யாரும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை; ஆட்டமாக இருந்தாலும் கை கூசுகிறதாம். நான் சிக்கியது ஒரு குறும்பால். எங்கள் தொழிற்பள்ளி வாத்தியார் வீட்டுப் புகைபோக்கி வாயில் நான் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்திருந்தேன். கீழேயிருந்து பார்த்தால் வானம் தெரியும், புகை மட்டும் வீட்டுக்குள் திரும்பும். ஊரே மூளையைக் கசக்கியும் பிடிபடாததை நெஸ்டோரி கூரையேறிக் கண்டுபிடித்தார். வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "கெட்ட மூளை, பொறுமையான மூளை. ரஷ்யாவுக்கு ஏத்த ஆளு நீதான். புதன்கிழமை வா."

ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சரித்திரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. மாற்றுவதைச் சுண்ணக்கட்டியால் நிலவறை அடுப்புச் சுவரில் எழுதுவார்: 'சுவீடன் முதல் நாளே வருகிறது.' 'நார்வே வழி விடுகிறது.' "ரெண்டு மாத்துனா என்ன, குடியா முழுகிடும்?" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன். "ஒண்ண மாத்துனா கணக்கு. ரெண்டு மாத்துனா அது ஜெபம். அதுக்குக் கோயில் இருக்கு" என்றார்.

பெட்ரோல் பங்குக் காப்பிக்கடையில் அவருக்கு 'இருந்திருந்தா' என்று பெயர். "வந்துட்டாருய்யா இருந்திருந்தா!" என்று வரவேற்பவர் தாவெட்டி. நிஜ யுத்தத்தில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவர் என்பதால் பேச உரிமை உள்ளவர். "அத்தைக்கு மீசை முளைச்சிருந்தா சித்தப்பாடா நெஸ்டோரி! சுவீடன்காரன் வந்திருந்தா, இங்கிலீஷ்காரன் வந்திருந்தா... இந்த வாரம் யாரு வந்திருந்தா?"

நெஸ்டோரி கோபப்படுவதில்லை. ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் நனைத்தபடி, "முளைக்கலன்னு எனக்கும் தெரியும், தாவெட்டி. எந்த வருஷம் முளைச்சிருக்கணும்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார்.

கூரையில் அவர் வேறு ஆள். ஓட்டின் மேல் பூனை நடக்கிற மாதிரி நடப்பார். இரும்புக் குண்டு கட்டிய தூரிகையைக் கயிற்றில் இறக்கிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். செங்கல் எங்கே பிளந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். புகைபோக்கிக்காரரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று, கால்பந்துப் பந்தயச் சீட்டு எழுதுகிறவர்கள் அவர் சட்டைக் கையைத் தேய்த்துவிட்டுப் போவார்கள். தேய்க்கக் கொடுத்துவிட்டு மாடு மாதிரி நிற்பார்.

ஆனால் வேலைக்காக ஒரு வீட்டுக்குள் வரும்போது மட்டும் ஒரு கூத்து. எல்லாரையும் போல வாசலில் பூட்ஸைக் கழற்றுவதோடு விடமாட்டார். ஒரு ஜோடி காலுறை மேல் இன்னொரு ஜோடி மாட்டுவார். வாசலிலிருந்து அடுப்பு வரை செய்தித்தாளைப் பாலம் மாதிரி விரித்து, அதன் மேல் மட்டும் கால் வைப்பார். வேலை முடிந்ததும் பின்னோக்கி நடந்தபடி தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுவார். தரை ஈரமாக இருந்தால் உள்ளே வரவே மாட்டார். வெளியே பனி கொட்டினாலும் படியில் நிற்பார். என் அம்மா, "பரவால்ல, வாங்க நெஸ்டோரி" என்று கெஞ்சினாலும், "காயட்டும்மா, காயட்டும். அவசரமில்ல" என்பார். நான் இதை ஊர் முழுக்க நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

அவர் மனைவி கெர்ட்டுவிடமும் நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப அவருக்கு ஏழு வயசுடா. ஹீஸ்வாரா அவங்க ஊரு, எல்லைக்குப் பக்கத்துல. நவம்பர் கடைசி. காலையில குண்டுச் சத்தம் கேட்டதும் பட்டாள லாரி வந்து நின்னு, கையில கெடச்சத எடுத்துக்கிட்டு ஏறுங்கன்னுட்டான். இவரோட அக்கா இம்பி என்ன செய்றா? தரையத் துடைக்கிறா."

"யுத்தம் வந்தப்பவா?"

"நம்ம பொம்பளைங்க எல்லாரும் அதத்தான் செஞ்சாங்க. எங்கம்மாவும் செஞ்சா. வரப்போறவன் ரஷ்யனாவே இருக்கட்டும், கரேலியாக்காரி வீடு அழுக்குன்னு அவன் சொல்லிடக் கூடாது பாரு. இம்பி முடிச்சுட்டா. வாசல்ல நின்னு பூட்ஸ் மாட்டுறா. இந்த மனுஷன் கையுறைய மறந்துட்டேன்னு பனியும் சேறுமா உள்ள ஓடியிருக்காரு. ஈரத் தரையில அடி அடியா. இம்பி சிரிச்சாளாம். 'நீங்க ஏறுங்க, இதத் துடைச்சுக் காயவிட்டுட்டு அடுத்த லாரியில வந்துடறேன்'னு திரும்ப வாளிய எடுத்தா."

"அடுத்த லாரி?"

"அது வர்றதுக்குள்ள ஆத்துப் பாலம் ரஷ்யன் கைக்குப் போயிடுச்சு." கெர்ட்டு கிழங்கைப் பானையில் போட்டார். தண்ணீர் தெறித்தது.

இம்பி செத்தாளா, பிடித்துக்கொண்டு போனார்களா, இன்றுவரை தகவல் இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கதவு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அவருக்குப் பின்லாந்து ஜெயிக்க வேண்டாம். கரேலியா திரும்ப வேண்டாம். ஹீஸ்வாரா ஆற்றுப் பாலம் அன்று சாயங்காலம் வரை எங்கள் கையில் இருந்தால் போதும். தரை காயும் வரை. அதற்காகத்தான் மந்திரிகளை மாற்றுகிறார், கப்பல்களைத் திருப்புகிறார், ராஜாக்களைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறார்.

யாரும் உதவவில்லை. பிரிட்டனையும் பிரான்சையும் நார்வே வழியாக முன்கூட்டியே வரவழைத்த வாரம், அவர்களைத் தடுக்க ஜெர்மன்காரன் சுவீடனுக்குள் இறங்கினான். ஹீஸ்வாரா காலையிலேயே விழுந்தது. பின்னாலேயே ஸ்டாக்ஹோம் எரிந்தது. நெஸ்டோரி தீக்குச்சிகளைப் பொறுக்காமல் ஸ்டாக்ஹோமையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கயும் எவளாவது தரை துடைச்சுக்கிட்டு இருந்திருப்பா" என்றார். சண்டையே போடாமல் ரஷ்யா கேட்ட நிலத்தைக் கொடுத்துப் பார்த்த வாரம், எல்லை ஹீஸ்வாராவின் வாசலுக்கே வந்து நின்றது. மறு வருஷம் வாசலையும் தாண்டியது. "கொஞ்சம் கொஞ்சமா சாகறது" என்று மட்டும் சொல்லிச் சுண்ண எழுத்தைத் துடைத்தார்.

போன புதன்கிழமை அடுப்புச் சுவரில் எழுதியிருந்தது: 'நாலு நாடும் ஒரே பட்டாளம்.' பின்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் நாலும் ஒரு வருஷம் முன்பே கைகோத்துவிட்டன. ஹீஸ்வாரா சாலையில் பட்டாணிக்குப் பக்கத்தில் சர்க்கரைக் கட்டிகள் வரிசை கட்டி நின்றன. சாலையில் நான் மோதிய கொட்டைகளெல்லாம் மடிந்தன. பகடையும் அன்றைக்கு அவர் பக்கம்.

ஆனால் ஊருக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. விறகு வண்டிப் பாதை. சுற்றிக்கொண்டு போய் நேராகப் பாலத்தில் முடியும். அதில் ஒரு பட்டாணிகூட இல்லை. என் கையில் மூன்று கொட்டைகள் இருந்தன. மூன்றும் அந்தப் பாதையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் பாலம் என்னுடையது.

தலையைச் சொறிந்தேன். "ஐயோ, வசமா மாட்டிக்கிட்டேனே மாமா" என்று முனகினேன். மூன்றையும் கொண்டுபோய்ச் சதுப்புக் காட்டில் விட்டேன். அவை அங்கேயே சிக்கிக்கொண்டன. அடுத்த முறையும் அப்படியே. கதவின் மேல் பொழுது சாய்ந்தது. பாலம் நின்றது.

வியாழக்கிழமை சூப்புக்குப் பட்டாணியை ஊற வைக்க வேண்டும் என்பதால், புதன்தோறும் பாத்திரத்தோடு இறங்கி வந்து, "சீக்கிரம் தோத்துத் தொலைங்க" என்று விரட்டுகிற கெர்ட்டு, அன்றைக்குப் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"சாயங்காலம் ஆயிடுச்சு மாமா. ஜெயிச்சுட்டீங்க" என்றேன்.

நெஸ்டோரி பாலத்தைப் பார்க்கவில்லை. சதுப்புக் காட்டில் கிடந்த என் மூன்று கொட்டைகளைப் பார்த்தார்.

"விறகுப் பாதையைப் பாத்தியாடா?"

"எந்தப் பாதை?"

"பொய் சொல்றப்ப உன் இடது காது சிவக்குது."

காதை மூடிக்கொண்டேன். "நீங்கதான் அங்க ஆள் வைக்கல... நான் கவனிக்கல மாமா, சத்தியமா..."

"அன்னிக்கு வந்த ரஷ்யன் அதக் கவனிச்சான்டா" என்றார்.

எழுந்தார். கதவைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். என் தோளில் கை வைத்து என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி, தன்னுடைய நாற்காலியைக் காட்டினார். நான் போய் அதில் உட்கார்ந்தேன். அவர் என் இடத்தில் அமர்ந்து, மூன்று கொட்டைகளையும் சதுப்பிலிருந்து எடுத்தார். காட்டுக்குள் போகும் அந்தக் கோட்டின் முனையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். பிறகு கரி படிந்த சுட்டுவிரலால், அவசரப்படாமல், முதல் கொட்டையைப் பாலத்தை நோக்கித் தள்ள ஆரம்பித்தார்.